சார் விழுந்த பிறகு

1

இந்தக் கதை ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் தொடங்கியது. எனக்கு முன்னால் பலர் இருந்தார்கள். யாரும் பேசவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. மேஜைமேல் கிடந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் ஒரு படம். பனிச்சறுக்கு வகுப்பு. எல்லா வயதினரும் ஒரே வரிசையில். பால்பல் விழாத ஒரு குழந்தை, பக்கத்தில் பல்லே இல்லாத கிழவர், இருவருக்கும் நடுவில் தொப்பை வைத்த ஒருவர். மூவரும் விழுந்து கிடந்தார்கள். மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தேன். அதில் யார் யாருக்கு மேலதிகாரி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் உறுத்தியது. எங்கள் திருவனந்தபுரத்தில் இப்படியொரு வகுப்பு நடந்திருந்தால் முதலில் யார் விழுந்திருப்பார்கள்? அவருக்கு முன்னால் விழ யாருக்குத் தைரியம் வந்திருக்கும்? என் முறை வந்து உள்ளே போன பிறகும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

[வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருப்பது எழுதுகிறவனுக்கு நல்ல பயிற்சி.]

2

முதல் தொடக்கம்: "1935ஆம் ஆண்டு மார்கழியில், திருவனந்தபுரத்துக் குளங்கள் உறைந்து—"

அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் மார்கழியிலும் விசிறி வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்: "கொச்சியிலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ் பாளங்கள் வள்ளத்தில் வந்து இறங்கியபோது—"

இது ஒரு பக்கம் ஓடியது. வள்ளம் கொல்லத்தைத் தாண்டுவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. கதையில் மிஞ்சியது நனைந்த மரத்தூள்.

மூன்றாவதாக ஒரு யோசனை வந்தது. மர மிதியடிக்கு அடியில் நாலு இரும்புச் சக்கரம். இப்போதைக்குச் சக்கரத்தில் பழகுங்கள், ஐஸ் பிறகு வரும் என்று ஒரு வாக்குறுதி. வராத ஒன்றுக்காக ஓர் ஆபீஸே ஒழுங்காகப் பயிற்சி எடுக்கிறது. இதை எழுத என் கற்பனையை அதிகம் சிரமப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

3

சிவதாணு பிள்ளை ஒரு சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டு. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். இந்தக் கதைக்காக நான் கட்டியது. உள்ளே நாற்காலிகளைத் தவிர வேறெதுவும் வைக்கவில்லை. லண்டனிலிருந்து அடுத்த வருஷம் ஒரு பெரிய துரை வரப்போகிறார், அவருக்குப் பனிச்சறுக்கு என்றால் உயிர் என்று கிளப்பில் யாரோ சொன்னது சிவதாணு பிள்ளையின் காதுக்கு எட்டியது. துரையோடு இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்கள் ஊரில் ஏராளம். துரையோடு சறுக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வீடு போய்ச் சேர்வதற்குள் சிவதாணு பிள்ளை தீர்மானித்துவிட்டார்.

கொழும்பில் ஒரு சறுக்குக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த ராஜபாய் என்ற நாகர்கோவில்காரி அகப்பட்டாள். பழவங்காடிக்குப் பின்னால், தேங்காய்க் கொப்பரை அடைத்து வைக்கும் ஒரு பழைய கிட்டங்கி அகப்பட்டது. பலகைத் தரை, வருஷக்கணக்காக எண்ணெய் குடித்த தரை. 'எல்லா வயதினரும் சேரலாம்' என்று ராஜபாய் வாசலில் எழுதி வைத்தாள். ஆபீஸில் அதை எல்லோரும் உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள்.

குமாஸ்தாக்கள் சேர்ந்தார்கள். சூப்பிரண்டின் மனைவி பகவதியம்மாளும் வருகிறாள் என்று தெரிந்ததும் குமாஸ்தாக்களின் மனைவிகள் சேர்ந்தார்கள், சில வீடுகளிலிருந்து மாமியார்களும். கிட்டங்கியின் நடுவே ஒரு கயிறு கட்டப்பட்டது. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து நாகேஸ்வரன் என்ற குமாஸ்தா தன் மனைவி விஜயத்தை அழைத்து வந்தான். ஆபீஸில் ஹெட்கிளார்க் இடம் காலியாகப் போகிறது. அவனுக்குக் கிடைக்கலாம், பஞ்சாபகேசன் என்ற மூத்த குமாஸ்தாவுக்கும் கிடைக்கலாம். சிவதாணு பிள்ளை யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கு.

[இதைப் படித்த நண்பர் ஒருவர், அந்தக் காலத்து அக்ரஹாரத்துப் பெண் சக்கரத்தில் ஏறுவாளா என்று கேட்டார். ஏறமாட்டாள். ஆனால் ஹெட்கிளார்க் உத்தியோகம் என்றால் தெரு முழுவதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவளைப் போக விடும் என்றேன். நண்பர், ஆமாம் என்றார்.]

4

ராஜபாயின் முதல் பாடம், விழுவது.

"விழப் படிச்சாத்தான் பொறவு எழும்பப் படிக்கலாம்," என்றாள். "வெக்கப்படாம விழுங்க."

ஒருவரும் விழவில்லை. எல்லோரும் சிவதாணு பிள்ளையைப் பார்த்தார்கள். விழுவதா வேண்டாமா என்று அவர் ஆலோசித்துக்கொண்டிருக்கும்போதே சக்கரங்கள் ஆலோசனையை முடித்துவைத்தன. கிட்டங்கி அதிர விழுந்தார்.

அதன்பின் ஒரு மௌனம். அந்த மௌனத்துக்கென்றே தனியாக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எனக்கு மட்டும்தான் அது பிடிக்கும் என்று தோன்றியதால் எடுத்துவிட்டேன். சிரித்தால் போச்சு. தூக்கிவிட்டால் அவர் விழுந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். பஞ்சாபகேசன்தான் வழி கண்டுபிடித்தார். "இப்படித்தானே சார்?" என்று கேட்டுக்கொண்டே அவரும் விழுந்தார். சூப்பிரண்டு விழுந்த அதே பக்கமாக, ஆனால் சத்தத்தைச் சற்றுக் குறைத்து. உடனே மற்றவர்களும் சர்வீஸ் வரிசைப்படி விழுந்தார்கள். நாகேஸ்வரன் அழகாக விழுந்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பகவதியம்மாள் கால் இடறி உட்கார, பெண்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சார் விழுந்தால் ஆண்கள் விழ வேண்டும், அம்மாள் விழுந்தால் பெண்கள். நின்றுகொண்டிருப்பவன், சூப்பிரண்டைவிட எனக்கு நன்றாக வருகிறது என்று சொல்கிறவன் ஆகிவிடுவான். வகுப்பு நடந்துகொண்டே இருந்தது, யாரும் முன்னேறவில்லை. முன்னேறாமல் இருப்பதில் எல்லோரும் நல்ல தேர்ச்சி பெற்றார்கள்.

பகவதியம்மாளுக்குத்தான் இது புரியவில்லை. ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ராஜபாயிடம் கேட்டாள்.

"நான் விழுந்தா எனக்கு நோவுது, சரி. இவளுக என்னத்துக்கு விழுதாளுக? அந்த வயசான மாமியும்லா விழுதா, பாவம்."

"நீங்க விழாம இருந்தா அவங்களும் விழமாட்டாங்க அம்மா," என்றாள் ராஜபாய்.

அத்தனை பேரின் எலும்பும் தன் பொறுப்பு என்று தெரிந்த பிறகு பகவதியம்மாள் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். முன்னைவிட அடிக்கடி விழுந்தாள்.

5

விஜயத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

முதலில் அவளை ஒரு புரட்சிக்காரியாக எழுதினேன். அவள் ஒத்துழைக்கவில்லை. கணவன் ஹெட்கிளார்க் ஆக வேண்டும் என்பதில் அவனைவிட அவளுக்குத்தான் ஆசை. மைத்துனன்மார் நாலு குடும்பத்தோடு ஒரே சமையலறையில் காலம் தள்ளுகிறவள். அந்த உத்தியோகம் வந்தால் தனியாக ஒரு வீடு பார்க்கலாம் என்று நாகேஸ்வரன் சொல்லியிருந்தான். தன் அடுப்பை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பது வரையில் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

அவளும் எல்லோரோடும் விழுந்துகொண்டுதான் இருந்தாள். ஒருநாள் அவளுக்கு விழ வரவில்லை, அவ்வளவுதான்.

மடிசாராகக் கட்டினால் இரண்டு கால்களும் தனித்தனியே இருக்கும். மற்றப் பெண்கள் முண்டிலும் ஆறு கெஜப் புடவையிலும் தடுக்கிக்கொண்டிருந்தபோது, ஆசாரம் அவளைச் சக்கரத்துக்கென்றே உடுத்தி அனுப்பியிருந்தது. (மடிசார் கட்டிய வேறு மாமிகளும் இருந்தார்கள். கால்கள் தனித்தனியே இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.) இடது காலை ஊன்றி வலது காலைத் தள்ளினாள். தரை பின்னால் போயிற்று. மறுபடி தள்ளினாள். அவள் ஒரு பறவையைப் போல—

இல்லை, பறவை வேண்டாம். பிறந்தது முதல் அவள் யாருக்காவது பின்னால்தான் நடந்திருக்கிறாள். அம்மாவுக்கு, பிறகு மாமியாருக்கு, பிறகு கணவனுக்கு. கோயில் பிரகாரத்தில்கூட முன்னால் ஒரு முதுகு இருக்கும். இப்போது முன்னால் வெறும் தரை. அந்தத் தரை வளைந்து திரும்பும் இடம்வரை யாருமே இல்லை. இவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. இதற்கு மேல் எழுதினால் அது என்னுடையதாகிவிடும்.

மறுநாள் ஆபீஸில் சிவதாணு பிள்ளை, கையிலிருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அய்யரே, உம்ம சம்சாரம் கொள்ளாம், நல்லா சறுக்குதா, கேட்டீரா. நம்ம வீட்டுக்காரிக்குத்தான் வரல்ல."

அந்தப் பாராட்டை நாகேஸ்வரன் சாயங்காலம்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதன் எந்தப் பக்கத்திலும் ஹெட்கிளார்க் உத்தியோகம் இல்லை. அடுத்த நாற்காலியில் பஞ்சாபகேசன் தன் முழங்கைச் சிராய்ப்புக்கு எல்லோரும் பார்க்கும்படி மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

6

நவராத்திரி விடுமுறையில் ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால் வகுப்பைக் காட்டுவது என்று முடிவாயிற்று. துரை வருவது தள்ளிப் போயிருந்தது, ஐஸும்.

நாகேஸ்வரன் மனைவியை ரேழிக்குக் கூப்பிட்டான்.

"அன்னிக்கு ஒருநாள் மட்டும் விழுந்துடு."

"எப்படி விழறது?"

"எல்லாரும் எப்படி விழறா?"

"அவாளுக்கு வரது. எனக்கு வரலையேன்னா. விழலாம்னு நெனைச்சா கால் தானே நேராப் போயிடறது."

கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது சொல்லிக்கொடுத்தான். முட்டியை மடக்க வேண்டும், உடம்பைத் தளர விட வேண்டும், தலையை மட்டும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். தானே விழுந்து காட்டினான். பித்தளை அண்டாவில் முழங்கை பட்டு வீடே அதிர்ந்தது. அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

எழுந்திருக்காமல் தரையில் கிடந்தபடியே அவன் சொன்னான்: "எனக்கு இது ஒண்ணுதான் நன்னா வரது, கேட்டயா. இதையும் பாழாக்கிடாதே."

அவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

"தனி ஆத்துல இருக்க எனக்கும் ஆசைதான்," என்றாள். "விழறேன்."

[இந்த இடத்தில் அவர்கள் இருவரையும் நகர்ந்த அண்டாவை அதன் இடத்தில் வைக்க விட்டேன். நீங்களும் விடுங்கள்.]

7

காட்சி நாள். நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள். சிவதாணு பிள்ளை கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு சுற்று முடித்தார், அதைக் கண்டு அவரே ஆச்சரியப்பட்டார், ஆச்சரியத்தில் விழுந்தார். பஞ்சாபகேசன் விழுந்தார். நாகேஸ்வரன் கயிற்றை ஒட்டி விழுந்தான். ஆண்கள் பக்கம் முழுவதும் படுத்துவிட்டது. கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எப்படியாவது நின்றுவிடுவது என்றிருந்த பகவதியம்மாள், புருஷன் விழுந்ததைப் பார்த்துக் கையை விட்டாள். பெண்களும் உட்கார்ந்தார்கள்.

விஜயம் விழுவதற்காக முட்டியை மடக்கினாள், அவன் சொல்லிக்கொடுத்தபடியே. மடக்கியதும் வேகம் கூடிவிட்டது.

முடிவு ஒன்று: அவள் விழுகிறாள். நாகேஸ்வரன் ஹெட்கிளார்க். தனி வீடு, அவள் நினைத்த திசையில் அடுப்பு. இதை முழுவதும் எழுதினேன், நன்றாகவே வந்தது. படித்து முடித்தபோது எனக்கே உத்தியோக உயர்வு கிடைத்ததுபோல அவமானமாக இருந்தது.

முடிவு இரண்டு: அவள் விழவில்லை. பஞ்சாபகேசன் ஹெட்கிளார்க். நாகேஸ்வரனை மலைமேல் இருக்கும் தேவிகுளத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கே தை மாதத்தில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கடைசியில் இந்தக் கதைக்குப் பனி கிடைத்துவிடுகிறது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் முடிவுகளை நான் நம்புவதில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: சிவதாணு பிள்ளை தரையிலிருந்து எழுந்து அவளுக்காகக் கை தட்டுகிறார்.

[கற்பனைக்கும் ஓர் எல்லை உண்டு.]

8

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கிட்டங்கியில் எல்லோரும் தரையில் கிடக்கிறார்கள். ஒருத்தி மட்டும் நின்றபடி சுற்றி வருகிறாள். விழ வேண்டும் என்றுதான் நினைக்கிறாள். சத்தியமாக நினைக்கிறாள். கால் நேராகப் போகிறது. நாற்காலிகளில் இருப்பவர்கள், இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று எண்ணிப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சிவதாணு பிள்ளை கிடந்தபடியே தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

வளைவில் திரும்பினால் கயிற்றை ஒட்டிய பாதை. அங்கே நாகேஸ்வரன் கிடக்கிறான். அவனுடைய வலது கை கயிற்றுக்கு அடியில் அவள் பக்கம் நீண்டிருக்கிறது, விழுந்தபோது எப்படியோ போய்விட்ட கை. அவள் அவனைப் பார்க்கிறாள். அவன் முகத்தில் வேண்டுகோள் இருக்கிறது; அவள் அதுவரை கண்டிராத இன்னொன்றும் இருக்கிறது. அவள் வருவதை அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறான், குழந்தை முதல்முதலாக ரயிலைப் பார்ப்பதுபோல.

அந்தக் கை தரையிலிருந்து எழும்புகிறது.

அவள் கணுக்காலைத் தட்டிவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது, அவளாக விழுந்ததாகவே இருக்கும். ராத்திரி அவளே அவனுக்கு நன்றி சொல்லவும்கூடும். அல்லது, அவள் போக வழிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் கை முதலில் எழும்பித்தான் ஆக வேண்டும். நான் எழுதியது அதுவரைதான். அதற்கு மேல் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அவன் கையைப் பார்ப்பதை விட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அந்தக் கையை உங்களிடம் தருகிறேன். யோசித்து முடிவு செய்ய அவகாசம் இல்லை, மன்னிக்க வேண்டும். அவள் வளைவில் திரும்பிவிட்டாள்.