கூட்டம் சேர்க்கும் வயிறு

வெட்டுக்கிளி வளர்க்கும் வேலையில் இருந்தவர் எங்கே நின்றாலும் கால் மணி நேரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து அவரைச் சுற்றி நின்றுவிடுவார்கள். முடிவெட்டப் போனால் கடை நிரம்பிவிடும். செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றால், தைக்க ஒன்றும் இல்லாதவர்களும் பின்னால் வரிசை கட்டுவார்கள். வந்தவர்கள் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. தோளோடு தோள் உரச, எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நின்றுவிட்டு, அவர் கிளம்பினால் கொஞ்ச தூரம் கூடவே நடந்து, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர்கள் போலத் திடீரென்று கலைந்து போவார்கள். தெருவில் அவருக்குக் கிளிக்காரர் என்று பெயர். பச்சைக்கிளி ஒன்றைக்கூட அவர் வாழ்நாளில் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய மனைவி தையற்காரி. முன்னறையில் மிதி மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொடுத்தாள். சந்தேகப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கடையில் வாங்கிய அளவு நாடாவை இன்னொரு நாடாவால் அளந்து பார்த்த பிறகே நம்புகிறவள், புருஷனை மட்டும் சும்மா விடுவாளா? முதலில் இதில் ஒரு பெண் இருப்பாள் என்று நினைத்தாள். இரண்டு வாரம் பின்தொடர்ந்து பார்த்ததில் கூட்டத்தில் தபால்காரர், பல்லில்லாத கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், ஒரு முறை ஒரு மேளக் கோஷ்டி முழுவதும் இருந்தார்கள். சந்தேகப்படும்படி ஒருத்தியும் தேறவில்லை. பிறகு அவர் ரகசியமாகக் கட்சி கிட்சி நடத்துகிறாரோ என்று நினைத்தாள். காவல் நிலையத்துக்கும் அதே எண்ணம் வந்தது. விசாரிக்க வந்த அதிகாரி கிளிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் மாலை வரை சுவரைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடியும் வந்தார். நாத்தனாருடைய சந்தேகமோ நேராகத் தையற்காரி மேலேயே பாய்ந்தது.

“அண்ணி, மறைக்காம சொல்லுங்க. எங்க அண்ணன் சாப்பாட்டுல என்ன கலக்குறீங்க?”

“உப்பு கலக்குறேன். உனக்கும் கொஞ்சம் அனுப்பட்டுமா?” என்றாள் தையற்காரி. ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாப்பாட்டுக்கு என்னதான் நடக்கிறது என்று பார்க்க, ஒரு நாள் டிபன் பாக்ஸை வேண்டுமென்றே அவர் மறந்து போகும்படி ஒளித்துவைத்து, பிறகு தானே எடுத்துக்கொண்டு அவர் வேலை பார்த்த பூச்சி ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

அங்கே இரண்டு அறைகள். முதல் அறை வெட்டுக்கிளிகளுக்கு முட்டையிலிருந்தே கிருமி படாமல் வளர்ப்பு; கொதிக்கவைத்த தண்ணீர், சூடு காட்டிய தவிடு. அவற்றின் வயிறு கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி இருக்கும். அவை கூண்டுக்குள் மூலைக்கொன்றாக, முன்பின் தெரியாதவர்கள் போல உட்கார்ந்திருந்தன. இரண்டாவது அறையில் சாதாரண வெட்டுக்கிளிகள் ஒரே கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அந்த அறையில் விறகுப் புகையும் மருந்துக்கடையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. கிளிக்காரர் மனைவியின் கையிலிருந்த டிபன் பாக்ஸை வாங்கி, பதினோரு வருடப் பழக்கத்தில், சாப்பாடு சூடாக இருக்கட்டும் என்று மூடியைத் திறந்து அந்த இரண்டாவது அறைக் கூண்டின்மேல், பல்புக்குப் பக்கத்தில் வைத்தார். கீழே இருபதாயிரம் கால்கள் எச்சத்தைப் பொடியாக உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தன. பின்னால் வந்த டாக்டரம்மா, அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி, அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கிளிக்காரருடைய மலத்தைச் சோதித்ததில் வெட்டுக்கிளி வயிற்றில் இருக்கும் அதே கிருமிகள் குடும்பம் குட்டியோடு இருந்தன. டாக்டரம்மா அரிசி விலை சொல்வது போலச் சொன்னாள்: “இந்தக் கிருமிதான் எச்சத்துல அந்த வாசனையச் சேர்க்குது. வாசனை பட்ட பூச்சி தனியா இருக்காது, கூட்டத்துல போய்ச் சேர்ந்துடும். இவருக்கு வேர்வையிலயே வருது. மனுஷங்களும் சேர்றாங்க, அவ்வளவுதான்.”

கிளிக்காரர் சிரித்தார். தையற்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பல் மருத்துவரின் அறை வாசலில், அத்தனை நாற்காலி காலியாகக் கிடக்க, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த முகம் தெரியாத இந்த மனிதர் பக்கத்தில் போய்த்தான் அவள் உட்கார்ந்தாள். வீங்கின கன்னத்தோடு அப்படித் தன்னைப் போகவைத்தது எதுவோ அதைத்தான் இத்தனை நாள் அன்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தபால்காரருக்கு வந்ததும் அதேதானா? அன்றிலிருந்து அவர் பக்கத்தில் படுக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது, அழுகையும் வந்தது.

“மருந்து சாப்பிட்டுக் கழுவிடுங்க,” என்றாள் ஒரு நாள். “எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“தெரிஞ்சு என்ன செய்யப்போற? நல்லாத்தானே இருக்கோம்?”

“நல்லா இருக்கறது நானா, இல்ல உங்க பூச்சியான்னு தெரியணும்.”

அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் அவள் கேட்டாள் என்பதற்காக எட்டு நாள் மாத்திரை சாப்பிட்டார். முதல் அறைப் பூச்சிகளைப் போல அவர் வயிறும் கழுவிவிட்டதாகி, ஐந்தாம் நாள் தெரு காலியானது. எட்டாம் நாள் அவர் பேருந்தில் ஏறினால் ஆட்கள் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள். முடிவெட்டுகிறவர் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டியதில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. உடன்பிறந்த தங்கையே வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நலம் விசாரித்தாள். தையற்காரிக்கு என்ன நடந்தது என்றால், அவர் அறைக்குள் வந்ததும் அவளுடைய கால்கள் எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தன. அவள் கதவைப் பிடித்துக்கொண்டால் கால்கள் அதே இடத்தில் நடந்தன. அவள் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. கொல்லையில் நின்று, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

கிளிக்காரர் இளைத்துப் போனார். தட்டோடு தனி அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார். டாக்டரம்மா பழைய கிருமிகளை ஒரு குப்பியில் வைத்திருந்தாள். ஒரு வாய் குடித்தால் ஒரே வாரத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அவர் பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தார்: “அந்தக் குப்பிய வாங்கிட்டு வந்துடட்டுமா? நீ சொன்னா சரி.”

தையற்காரி நாள் முழுக்க யோசித்தாள். அவரை விட்டு ஓடுகிற கால்களைப் பார்த்தாள். இந்தக் கால்கள் ஓடும்போது தனக்கு எதற்கு அழுகை வர வேண்டும் என்று சந்தேகப்பட்டாள். அவள் வாழ்க்கையில் பட்ட சந்தேகங்களிலேயே உருப்படியானது அதுதான். தபால்காரர் அழவில்லை. காவல் அதிகாரி அழவில்லை.

“வாங்க வேணாம்,” என்றாள். பிறகு மிதி மெஷினை முன்னறையிலிருந்து அவர் அறைக்கு இழுத்தாள். கால்கள் வாசலிலேயே முரண்டு பிடித்தன. அவள் மெஷினின் மேல் உடம்பைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டே உள்ளே போய், கட்டிலுக்கு எதிரே போட்டு, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, இரண்டு கால்களையும் மிதியில் வைத்தாள். ஓட வேண்டும் என்று துடித்த கால்கள் மிதியை ஓட்டின. அன்று மட்டும் பத்துச் சட்டை தைத்து முடித்தாள். அவர் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக் கொடுத்தார்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. அந்தத் தெருவில் அவளைப் போல வேகமாகத் தைக்கிறவர்கள் இல்லை. வாடிக்கைக்காரர்கள் அறைக்குள் வரமுடியாததால் ஜன்னலுக்கு வெளியே நின்று கையை விரித்து அளவு சொல்வார்கள். அவள் கண்ணாலேயே எடுத்துக்கொள்வாள், தப்பியதில்லை. புதிதாக வருகிறவர்கள் யாராவது, உள்ளே அந்த மனிதரோடு எப்படித்தான் இருக்கிறீர்கள் என்று கேட்டால், நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொல்வாள்: “என் காலுக்கு இவரைப் பிடிக்காதுங்க. எனக்குப் பிடிச்சிருக்கு.” அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு, துணி எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள்.