அரளி ஓரம்

சௌந்திரத்துக்கு எதையும் கேட்காமல் விடத் தெரியாது. மிக்ஸி வாங்கப் போன இடத்தில், உள்ளே என்ன சுற்றுகிறது என்று கேட்டே கடைக்காரரைத் திணறடித்தவள். கார் ஓட்டப் பழகச் சேர்ந்த முதல் நாளே, சொல்லிக்கொடுக்கும் கிருத்திகாவிடம், காரில் வருகிறவர்களுக்கு மொபெட்டில் போகிற நாம் எப்படித் தெரிவோம் என்று கேட்டாள். மகள் வயதுக்காரியான கிருத்திகா சிரித்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கேள்வி சும்மா வரவில்லை. சங்ககிரியைத் தாண்டி, நாலுவழிச் சாலைக்கு இந்தப் பக்கம் இவர்கள் வீடு, அந்தப் பக்கம் பால் சொசைட்டி. வீட்டுக்கு நேராகச் சாலையின் நடுவில் இருந்த திறப்பை அடைத்து, அரளிச்செடி வைத்துவிட்டார்கள். ஒழுங்காகப் போவதென்றால் இடப்பக்கம் திரும்பி, பாலம் வரை போய், அடியில் புகுந்து, மறுபக்கமாகத் திரும்பி வரவேண்டும். சௌந்திரத்தின் புருஷன் நாச்சிமுத்து அதற்கெல்லாம் மசிகிற ஆளா? பாதிச் சாலையைக் குறுக்கே கடப்பார். அரளியை ஒட்டி, வருகிற வண்டிகளுக்கு எதிராகவே மொபெட்டை விடுவார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு திறப்பு இருக்கிறது. அதில் நுழைந்தால் சொசைட்டி. ஊரில் பால் ஊற்றுகிறவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் வழி. பக்கத்துத் தோட்டத்துத் தங்கமுத்துவும் அப்படித்தான்.

நாச்சிமுத்து இதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார். லாரி எல்லாம் இடது பக்கமாகத்தானே போகிறது, அரளி ஓரம் காலியாகத்தானே கிடக்கிறது, காலி இடத்தில் போனால் யாருக்கு என்ன நட்டம் என்பார். வருஷக்கணக்கில் அந்த மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போன சௌந்திரமும் அதை நம்பித்தான் இருந்தாள். எதிரே வருகிற கார்கள் கடைசி நேரத்தில் விலகிப் போகும். பார்த்துவிட்டுத்தானே விலகுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் எப்போது பார்க்கிறார்கள்? இவ்வளவு நேராகக் கிடக்கிற சாலையில் அவ்வளவு தாமதமாக ஏன் பார்க்கிறார்கள்? அதுதான் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. மகன் ஜெகதீஸ்வரன் வெளியூர் வேலைக்குப் போகும்போது பழைய காரை வாசலில் விட்டுவிட்டுப் போனது நல்ல சாக்காகிவிட்டது.

ஊருக்குள் ஓட்டிப் பழகியபின், ஒரு நாள் சாயங்காலம் கிருத்திகா அவளைப் பயிற்சிப் பள்ளிக் காரில் நாலுவழிச் சாலைக்கு அழைத்துப் போனாள். இடது பக்கம் நிதானமாகப் போகிறவர்களுக்கு, வலது பக்கம் முந்துகிறவர்களுக்கு என்று சொன்னாள். சௌந்திரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அரளி ஓரம்தான் இருப்பதிலேயே வேகமான இடமா? அதைப் பற்றி மேலே கேட்பதற்குள் முன்னால் ஒரு முட்டை லாரி வந்துவிட்டது. ஒட்டிப் போகவேண்டாம் என்று கிருத்திகா சொன்னது காதில் விழுந்தது, காலுக்கு எட்டவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், லாரிக்குப் பின்னாலிருந்து வலப்பக்கம் காரை எடுத்தாள்.

கார் குலுங்கியது. கிருத்திகா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்திருந்தாள். உரசுகிற மாதிரி ஒரு மொபெட் கடந்து போனது. கண்ணாடியில் அதன் முதுகுதான் தெரிந்தது. பால் கேன், அதன் மூடியில் பச்சைத் துணி. காலையில் அவளே கட்டிவிட்ட துணி.

ஓரமாக நிறுத்தியதும்தான் பயம் வந்தது. அவர் வந்தது ஏன் தெரியவில்லை என்று அப்போதும் கேட்டாள்.

“லாரிக்கு ஒட்டிப் போனா லாரி மட்டுந்தாங்க்கா தெரியும்,” என்றாள் கிருத்திகா. “தள்ளி வந்தாத்தான் ரோடு தெரியும். தெரியாத எடத்தக் காலின்னு நெனச்சுக்காதீங்க.”

ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்ததுமே நாச்சிமுத்து ஆரம்பித்துவிட்டார். எவளோ ஒருத்தி, எல் போர்டு வண்டி, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு ஓட்டினாளோ என்று தொடங்கி, அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். சௌந்திரம் ரசம் ஊற்றி முடித்தாள்.

“அது நாந்தானுங்க.”

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. “என்னையப் பாத்துமா மேல ஏத்த வந்தே?”

“பாக்கவே இல்லீங்க. தாண்டிப் போன பொறவு கேனைப் பாத்துத்தான் தெரிஞ்சுது.”

அவர் நம்பவில்லை. இத்தனை பெரிய ஆள், வெள்ளைச் சட்டை, பட்டப்பகல் போல வெளிச்சம், எப்படித் தெரியாமல் போகும்? பழகாத கை, அவ்வளவுதான் என்றார். அப்படியானால் நாளைக்கு நீங்களே வந்து பாருங்கள் என்றாள் சௌந்திரம். தானும் வருவதாகவும், ரோட்டை எப்படிப் பார்க்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் காட்டித் தருவதாகவும் வீறாப்பாகச் சொன்னார்.

மறுநாள் தன் கேனைத் தங்கமுத்துவிடம் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து காரில் ஏறினார். முன்னால் கிருத்திகா இருந்ததால் அவருக்குப் பின் சீட். இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு, வழி நெடுக யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் போர் போடுகிற ரிக் வண்டி ஒன்று ஊர்ந்தது. சௌந்திரம் அதற்குத் தள்ளியே போனாள். மற்ற கார்கள் விர்விர்ரென்று தாண்டிப் போவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. மேடு வந்ததும் ரிக் வண்டி திணறியது, கார் அதன் முதுகுக்கு நெருங்கிவிட்டது. சௌந்திரம் சிக்னல் போட்டாள்.

“அந்தப் பக்கம் காலியாத்தான் கெடக்குது,” என்றார் நாச்சிமுத்து. “போ புள்ள.”

“ஏனுங்க, பாத்துட்டுச் சொல்றீங்களா, காலியா இருக்குமுன்னு சொல்றீங்களா?”

“பாத்துட்டுத்தான் சொல்றேன். அடிச்சுப் போ.”

கால் போகத்தான் துடித்தது. இந்த மனுஷன் சொன்னதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய கால் அது. ஆனாலும் சௌந்திரம் அதைத் தூக்கிவிட்டாள். ரிக் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்தது, நடுவில் இடம் விரிந்தது, அரளி வரிசை முழுக்கத் தெரிந்தது. அந்த வரிசையை ஒட்டி, ரிக் வண்டியின் மறைப்பிலிருந்து ஒரு மொபெட் வெளியே வந்தது. தங்கமுத்து. எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு, காலியான சாலையில் போகிறவர் போலச் சாவகாசமாக அவர்களைக் கடந்து போனார். பின்னால் இரண்டு கேன்கள். ஒன்றின் மூடியில் பச்சைத் துணி படபடத்தது.

சௌந்திரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது என்பதால் துடைக்கவும் முடியவில்லை.

“நம்ம கேனு,” என்றார் நாச்சிமுத்து.

வெகுநேரம் அவர் பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுத் திருப்பம் வந்தபோதுதான் முன்னால் திரும்பினார்.

“இங்க திரும்பாதே. நேராப் பாலத்துக்கு உடு, சுத்தி சொசைட்டிக்குப் போலாம். தங்கமுத்து கெளம்பறதுக்குள்ள அவனப் புடிக்கோணும்.”

சௌந்திரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள். ரிக் வண்டி இன்னும் முன்னால்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. இடப்பக்கத்திலேயே, அதற்கு நன்றாகத் தள்ளி, பாலம் வரைக்கும் ஓட்டிப் போனாள். வழியில் ஒரு தடவைகூட அவர் முந்தச் சொல்லவில்லை.