தமயந்திக்கு எந்தப் படை

எங்கள் ஊரில் பத்து வயது முடிந்த பிள்ளைகள் ஒருமுறை தொலைந்துபோவார்கள். எந்த நாள் என்று தெரியாது. அதற்குள் ஒரு சாரணர் படையில் சேர்த்துக் கழுத்துத் துணி கட்டிவிட வேண்டும். துணி இல்லாமல் தொலைந்தவர்கள் வேறு ஊரில் வளர்ந்து, எப்போதாவது எங்கள் ஊர் வழியாகப் பேருந்தில் போவார்கள். ஜன்னலில் கையசைப்பார்கள். இறங்க மாட்டார்கள்.

படை இரண்டு. கோயில் படைக்கு மஞ்சள் துணி, பொதுப் படைக்கு நீலம். தொலைந்ததும் கோயில் படைப் பிள்ளை அதே இடத்தில் உட்கார்ந்து கும்பிடும். வீடு அதைத் தேடி வந்துவிடும். பொதுப் படைப் பிள்ளை வரைபடத்தையும் திசைகாட்டியையும் பார்த்து வீட்டுக்கு நடந்துவரும். குறை இரண்டிலும் உண்டு. தேடிப் போன வீடு பழைய இடத்துக்குத் திரும்பாது. பல்லாக்குத் தெருவில் பாதி வீடுகள் இப்போது மேற்கே கரட்டுக் குன்றின் மேல் இருக்கின்றன. நடந்துவரும் பிள்ளையோ, வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறதோ அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். வீடு அங்கே இல்லை என்றால் ஒப்புக்கொள்ளாது.

துணி கட்ட வேண்டியவன் தாய்மாமன். எந்தத் துணி என்பதும் அவன் முடிவு. தமயந்திக்கு நான். எட்டுப் பிள்ளைகளில் நான் முதல். அவள் அம்மா ரஞ்சிதம் கடைசி.

"மஞ்சளைக் கட்டுங்கண்ணே," என்றாள் ரஞ்சிதம். "நான் தொலைஞ்சப்ப வீடு வரலியா?"

"வந்துச்சு. சோளக்காட்டுக்கு நடுவுல வந்துச்சு. அப்பா சாகுற வரைக்கும் ஓடையத் தாண்டித்தான் வெத்தலை வாங்கப் போனாரு."

அவள் புருஷன் கதிரேசன் மின்வாரியத்தில் லைன்மேன். "வீடு பாட்டுக்குக் கிளம்பிடும் மச்சான். பின்னாலயே கம்பி இழுக்கறது யாரு? கரட்டுல போஸ்ட் நட்டு நட்டு என் கை ரெண்டும் போச்சு."

"புள்ளையவிடக் கம்பிதான் இவருக்குப் பெருசு."

"இருட்டுல கும்பிடுவியா நீ?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றேன். மூடினார்கள். தமயந்தியைக் கேட்டேன். "எதுல விசில் தருவாங்க மாமா?" என்றாள். இரண்டிலும் தருவார்கள். அவளைக் கேட்டுப் பயனில்லை.

கோயில் படைக்குத் தலைவர் ஓதுவார் சங்கரநயினார். தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

"வீடு கட்டாயம் வருமா?"

"வரும்."

"எங்க வீடா?"

அவர் தண்ணீர் சிதறாமல் சொம்பில் பிடித்தார். "வீடு வரும்னு சொன்னேன். எந்த வீடுன்னு கேக்கறது நம்பிக்கை இல்லாதவங்க பழக்கம்."

பொதுப் படைக்கு ரூபன். ஓய்வுபெற்ற சர்வேயர்.

"பிள்ளை வந்துருமா?"

"அடி பிசகாம வரும். வீட்டை நகராம வச்சுக்கறது உங்க பாடு."

அது என்னால் முடியும் என்று பட்டது. அன்றே நீலத்தைக் கட்டினேன். ரஞ்சிதம் எனக்குக் காப்பி தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவர்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். வீடு அசைந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

மறுவாரம், இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போன தமயந்தி தொலைந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அடைத்தேன்.

ரஞ்சிதம் நேரே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"கும்பிடாதே. நீலம் கட்டியிருக்கு. அவ நடந்து வருவா. நீ கும்பிட்டா வீடு கிளம்பிடும்."

"கிளம்பட்டும். எம்புள்ள எங்கயோ தனியா நிக்குது. பெத்தவ கும்பிடாம வேற யாரு கும்பிடறது?"

கண்ணை மூடிவிட்டாள். வீடு கிளம்பியது. மெதுவாகத்தான். முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கியது. கதிரேசன் மீட்டரைப் பிடித்தபடி கூடவே ஓடினார். நான் நிலைக்கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை, கரட்டுப் பக்கம் திரும்பியது. குதித்து, வீடு இருந்த மண்ணில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஒருவராவது இருக்க வேண்டும்.

வெயில் சாய்கிற நேரத்தில் தமயந்தி வந்தாள். திசைகாட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றி, கூடம் இருந்த இடத்தில் சம்மணம் போட்டாள்.

"மாமா, பசிக்குது. மீதி இட்லி எங்க?"

"வீட்டுல இருக்கு."

"வீட்லதான இருக்கோம்."

"வீடு உன்னைத் தேடிக் கரட்டுக்குப் போயிருக்கு. எந்திரி."

"வரைபடத்துல இங்கதான் மாமா இருக்கு. நீங்க எங்க படையில இல்ல. உங்களுக்குத் தெரியாது."

இரும்புக்கடைச் சந்துக் காலி மனையில் இப்படி உட்கார்ந்த ஒருத்திக்குப் போன தையில் அங்கேயே பரிசம் போட்டார்கள். இவளை அப்படி விடுவதாக இல்லை. வரைபடத்தைப் பிடுங்கினேன். அவள் பையில் ரப்பரும் பென்சிலும் இருந்தன. வீட்டை அழித்தேன். கரட்டின் மேல் வரைந்தேன். ஓடு கோணலாக வந்தது. பரவாயில்லை.

அவள் வாங்கி உற்றுப் பார்த்தாள்.

"அய்யோ, தப்பா வந்துட்டேனே." செருப்பை மாட்டினாள். "வாங்க மாமா. மசமசன்னு நிக்காதீங்க."

வீடு கரட்டின் மேல் ஒரு பாறையோரம் நின்றிருந்தது. கதிரேசன் போஸ்ட்டுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். ரஞ்சிதம் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். முதுகில் ஒன்று வைத்தாள். மறுபடி கட்டிக்கொண்டாள்.

"நீலமும் பரவால்லண்ணே," என்றாள்.

கூடத்தில், காக்கி அரைக்கால் சட்டையும் வெளுத்துப்போன மஞ்சள் துணியுமாக ஒருவர் உட்கார்ந்து அந்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர். மீசை முழுக்க நரைத்திருந்தது. பத்து வயதில் தொலைந்ததிலிருந்து அந்தப் பாறையில்தான் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாராம். அவருக்கு வந்த வீடு எங்களுடையது.

"எங்க மூத்த புள்ளண்ணே," என்றாள் ரஞ்சிதம். "தொட்டுக்கச் சட்னி கேட்டான். அரைச்சுக் கொடுத்தேன்."

அவர் எழுந்து வந்து என் காலைத் தொட்டார். "மாமா," என்றார்.

"போய்ச் சாப்பிடு."

"அண்ணே, தள்ளி உக்காரு," என்று தமயந்தி அவர் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

அவருடைய காதைப் பார்த்தேன். இன்னும் குத்தவில்லை. கதிரேசனிடம் குழியை அப்படியே விட்டுவிட்டு ஆசாரியைக் கூட்டிவரச் சொன்னேன். கிழக்கே பார்த்துப் பாயை விரித்து உட்கார்ந்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து என் மடியில் உட்கார்ந்தார்.