அடியில் அறுக்கத் தெரியாதவன்

திட்டக்குடிக்கு மேற்கே மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் பட்டினி. சிதம்பரத்துக்குக் கிழக்கேயோ வீராணத்துத் தண்ணீர் வயல் தேடி வந்து நெல்லாக விளையும். இரண்டும் ஒரே ஜில்லாதான். வாய்க்கால் வெட்டியவர்கள் கிழக்கோடு மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் சங்கதி. அந்த வாய்க்கால் வராத பாவத்துக்குத்தான் காத்தவராயன், ஐந்து மாதக் கர்ப்பிணியான தன் பெண்சாதி பொன்னியையும் கூட்டிக்கொண்டு, அறுபத்தாறாம் வருஷத்துத் தை மாதம் நெல்லறுப்புக்கு ஆள் கேட்டுக் கிழக்கத்திப் பண்ணையார் சுப்பராயலு அனுப்பிய லாரியில் ஏறினான்.

உள்ளூர்க்காரர்கள் கூலி கூட்டிக் கேட்டு வேலைக்கு வராமல் நிற்கிறார்கள் என்பதைப் பண்ணையார் சொல்லவில்லை. சொல்வாரா பின்னே. பாதிக் கூலிக்கு வந்து இறங்கிய பதினான்கு பேரும் மூன்று நாள் அறுத்தார்கள். நான்காம் நாள் காலையில் வரப்பு முழுக்க உள்ளூர்க்காரர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் தடியோடு நின்றார்கள். கண்ணெதிரே, லாரியில் கூட வந்த ஒரு கிழவரின் மண்டை பிளந்தது. இன்னொருவனைக் குப்புறத் தள்ளி, முகம் சேற்றில் புதையும்வரை மிதித்தார்கள். சிதம்பரத்திலிருந்து போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று காத்தவராயனுக்குப் புரிந்துவிட்டது.

"என்னத் தெரியாதுன்னு சொல்லிடு. அவங்க கூட்டத்துப் பொம்பளைங்களோட போயி நின்னுக்கோ," என்று பொன்னியைத் தள்ளிவிட்டான். பல ஊர் சேர்ந்த கூட்டம், யாருக்கு யார் முகம் தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு அவள் உயிர் தப்பினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

கூட்டத்துக்குத் தலைவனான பக்கிரி அவன் தோளைப் பிடித்து இழுத்தான். "எந்த ஊருடா நீ?"

"பரங்கிப்பேட்டப் பக்கம் மாமா. நானும் ஒங்க ஆளுதான்."

பேச்சை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று பக்கிரிக்குத் தெரியும். அரிவாளை நீட்டினான். "ஒரு பிடி அறு, பாப்பம்."

காத்தவராயனின் இடது கை தன்னால் மேலே போய்க் கதிரைப் பிடித்தது. பிறந்ததிலிருந்து கம்பங்கதிரைக் கொய்த கை அது. நெல்லை அடித்தாளில் பிடித்து அறுக்கணும் என்று மூன்று நாளாகத் திட்டு வாங்கியும், பயத்தில் கை பழைய பழக்கத்துக்கே போய்விட்டது.

"மேட்டுக்காட்டுப் பய," என்றான் பக்கிரி. முதல் அடியில் மணிக்கட்டு முறிந்தது.

"எங்க வயித்துல அடிக்கத்தான் வந்தியா? ஒங்க ஊருல அறுக்கக் கூடாதா?"

"அங்க அறுக்க என்ன மாமா இருக்கு?"

பக்கிரியின் தடி ஒரு கணம் தாழ்ந்தது. அவன் வீட்டிலும் அடுப்பு எரிந்து நாலு நாள் ஆகிறது. அந்த எரிச்சலையும் சேர்த்து முழங்காலில் போட்டான்.

அப்புறம் பெண்கள் பக்கம் ஓரமாக ஒதுங்கி நின்ற பொன்னி பக்கிரியின் கண்ணில் பட்டாள். அவளிடமும் அரிவாள் போனது. குனிந்தாள், அடித்தாளைப் பிடித்தாள், ஒரே இழுப்பில் அறுத்தாள். எந்த வேலையையும் பார்த்தவுடன் பிடித்துக்கொள்கிறவள் அவள். அவ்வளவு வலியிலும் காத்தவராயனுக்குப் பெருமையாக இருந்தது.

"இவனத் தெரியுமா?" என்றான் பக்கிரி.

"தெரியாது."

"அப்ப நீயும் ஒண்ணு போடு." தடியை அவள் கையில் கொடுத்தான்.

மெதுவாக அடித்துவிடுவாளோ என்பதுதான் காத்தவராயனின் பயமெல்லாம். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனை ஒரு சுடுசொல் சொன்னவள் இல்லை. அவள் தன் முகத்தைப் பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

பொன்னி மெதுவாக அடிக்கவில்லை.