பாயின் மூலை

இறந்தவளுக்குச் சுற்றிய கஃபன் துணியை முகத்தின் மேல் இழுத்து முடிச்சுப் போடப்போன மாமியாரின் கையை நஜீமா பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க மாமி. புள்ளைங்க வரட்டும்."

கிடந்தது அவளுடைய லாத்தா, கூடப் பிறந்த மூத்தவள் ஜைனம்பு. லப்பைக்குடிக்காட்டில் மூன்று, நான்கு வயசுப் பிள்ளைகளுக்கு இதே கூடத்தில் கலிமா சொல்லிக்கொடுத்து, மூக்கும் துடைத்துவிட்ட ஒஸ்தாபி. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், பெரம்பலூர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மய்யித்தை எடுக்குமுன், இறந்தவருக்காகப் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். பிள்ளைகளிடம் யார் கேட்கிறார்கள்? லாத்தா மட்டும் முன்பே சொல்லிவைத்திருந்தாள்: "நான் அடிச்சது, ஏசுனது எல்லாம் அதுங்களத்தானே. அதுங்ககிட்ட கேக்காம என்னைய எடுத்துடாதீங்க."

தொப்பியும் முக்காடுமாகப் பதினான்கு உருப்படிகள் வந்து நின்றன.

"ஒஸ்தாபி அடிச்சிருந்தா மன்னிச்சிட்டோம்னு சொல்லுங்க" என்றாள் நஜீமா.

"மன்னிச்சிட்டோம்!"

மைமூன் மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் அம்மா தொடையில் கிள்ளினாள்.

"நான் மன்னிக்கல. பொய் சொன்னா அல்லாவுக்குப் புடிக்காதுன்னு ஒஸ்தாபிதான் சொன்னாங்க."

"ஏண்டி மன்னிக்கல?"

"நோன்புல, டப்பாவுல இருந்த பேரீச்சம்பழத்த நான் திங்கல. தின்னேன்னு அடிச்சாங்க. பொய் வேற சொல்றியான்னு இன்னொரு அடி."

தின்றது நஜீமா. அன்றைக்கு அவளுக்குப் பசி தாங்கவில்லை. நோன்பை முறித்து, கொட்டைகளைப் பாயின் மூலைக்கடியில் தள்ளிவிட்டாள். அந்த மூலை மைமூன் உட்காரும் இடம். அடி விழுந்த சத்தம் அடுப்படிவரை கேட்டது. நஜீமா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"அஸர் தொழுகைக்கு நேரமாவுது, உள்ள என்ன?" வெளியே மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கோடு நின்ற மாமனாரின் குரல்.

"அது கெடக்கு, சின்னப்புள்ள. முடிச்சப் போடுங்க" என்றாள் யாரோ ஒருத்தி.

சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனால் லாத்தா இந்தப் பழியோடு போவாளே! நஜீமா மைமூன் முன்னால் மண்டி போட்டாள்.

"அந்தப் பழத்த நான்தான் தின்னேன்."

அவள் தின்றது நோன்புப் பகலில் என்பது ஒவ்வொருத்திக்கும் உறைக்க, மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒஸ்தாபிக்குத் தெரியுமா?" என்றாள் மைமூன்.

"தெரியாது. நான் சொல்லல."

மைமூன் யோசித்தாள். மய்யித்தின் அருகே போய், பாடம் ஒப்பிப்பதுபோல் சத்தமாக, "ஒஸ்தாபி, மன்னிச்சிட்டேன்" என்றாள்.

"என்னைய?" என்றாள் நஜீமா.

மைமூன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்கிச் சொல்றேன்."

முடிச்சுப் போட்டார்கள். சந்தூக்கு தெருவைத் தாண்டிப் போனது.

மறுநாள் பிள்ளைகள் வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நஜீமா ஆறரைக்கே கூடத்தில் பாயை விரித்தாள். மூலையைத் தூக்கித் தட்டி மறுபடி போட்டாள். பிறகு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.