பதினோராவது புயல்

தம்பி தேகோனின் இடது கையில் துக்கப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது யோன்சுக்கின் விரல்கள் நின்றுவிட்டன. துக்க மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மதியச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருடத்தின் பதினோராவது புயல் ஜப்பான் பக்கம் போகாமல் வடக்கே திரும்பிவிட்டது. நாளை மாலை தெற்குக் கரையைக் கடக்கும். பழத் தோட்டக்காரர்கள் பறிக்க முடிந்ததை இன்றே பறித்துவிடுவது நல்லது.

"இறுக்குதுக்கா" என்றான் தேகோன்.

அவள் முடிச்சைத் தளர்த்தினாள். வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே, படத்தில், ‘மா சங்கில்’ என்ற பெயருக்கு மேலே, அப்பா அவருக்குப் பிடிக்காத கழுத்துப்பட்டையோடு இருந்தார்.

நேற்று சாயங்காலம் வரை புயல் வரைபடத்தின் ஓரத்தில்தான் அவர்கள் ஊரான நாஜு இருந்தது. இந்தப் பக்கம் வர பத்தில் மூன்று பங்கு வாய்ப்பு என்றார்கள். அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது.

"நாளைக்கே பறிச்சிடலாம்" என்றார்.

"இனிப்பே ஏறலப்பா. மூணு நாள் விடுங்க. இப்பப் பறிச்சா பண்டிகைக்கு எவன் வாங்குவான்?"

இன்று காலை அவள் எழுந்து பார்த்தபோது கொட்டகையில் ஏணியைக் காணோம். மேற்கு வரிசையில், காற்று முதலில் வந்து மோதும் கிழட்டு மரங்களுக்கு அடியில், ஏணியின் கீழ்ப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில், மரத்திலேயே கட்டிவிடும் காகித உறை பிரிக்காத ஒரு பேரிக்காய். தூங்குகிறார் என்று நினைத்து, பக்கத்தில் போகும்வரை அவள் கூப்பிடக்கூட இல்லை.

மண்டபத்தில் ஆளில்லை. துக்கத்துக்கு வருபவர்களுக்காக வைத்த மாட்டிறைச்சிச் சாறு அடுப்பில் கொதித்துக் கொதித்துச் சுண்டியது.

"ஊர்ல ஒருத்தனுக்காவது நெஞ்சுல ஈரம் இருக்கா பாரு" என்றாள் அத்தை. "ஒரு எழவு விடாம போய் நின்னவன் என் தம்பி."

"எல்லாரும் தோட்டத்துல இருப்பாங்க அத்தை."

"இருக்கட்டும். அதுக்கு?"

"நானும் போகணும்."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பெத்தவன் உள்ள கிடக்கான். மக பழம் பறிக்கப் போனாள்னா ஊரு என்ன பேசும்?"

"வர்றவங்களை வணங்க நான் நிக்கறேன் அத்தை, அவ போகட்டும்" என்றான் தேகோன். பிறகு அக்காவின் காதருகே, "எனக்கு ஏணி ஏறத் தெரியாது. நிக்கத்தான் தெரியும்" என்றான்.

கறுப்புப் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, ரப்பர் பூட்சோடு அவள் அதே ஏணியில் ஏறினாள். சுற்றிலும் எல்லாத் தோட்டங்களிலும் ஆள் சத்தம். ஊர்த் தலைவர் ஒலிபெருக்கியில் வாசித்தார். காற்று நொடிக்கு முப்பத்தைந்து மீட்டர். வடிகால்களைத் திறந்துவிடுங்கள். மா சங்கில் இன்று காலை காலமானார், மண்டபத்தில் இரண்டாவது அறை. கொட்டகைக் கூரைகளை இழுத்துக் கட்டுங்கள். எல்லாம் ஒரே குரலில், ஒரே மூச்சில்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்து பியோவின் மனைவி கூடையோடு நின்றாள். யோன்சுக்கைப் பார்த்ததும் தலை குனிந்தாள்.

"நாளைக்கு எப்படியும் வந்துடறோம் யோன்சுக். தப்பா நினைக்காத."

"நானே இங்கதான இருக்கேன்க்கா."

காம்பு சுலபமாக விடவில்லை. பழுத்திருந்தால் கையில் ஏந்தியதும் வந்துவிடும். ஒவ்வொன்றையும் திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இருட்டும்வரை பறித்தாள். மறுநாள் அப்பாவைப் பெட்டியில் வைத்த பிறகு திரும்பவும் வந்தாள். வானம் ஈயம்போல் இறங்கியிருந்தது. இலை அசையவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாயிருந்தது. ஒவ்வொரு கிளை முடிந்ததும் தெற்கே பார்த்தாள். கடைசி மரத்தில் விரல் பிளந்து ரத்தம் வந்தபோதும் இறங்கவில்லை.

அன்று மாலை ஊரே மண்டபத்துக்கு வந்தது. குளிக்காமல், வேலைத் துணியோடு, கழுத்தில் துண்டோடு. படத்துக்கு முன்னால் விழுந்து வணங்கிவிட்டு வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தையே சாறு ஊற்றினாள்.

தொலைக்காட்சியில் ஏழு மணிச் செய்தி வந்தது. பதினோராவது புயல் மதியத்துக்கு மேல் கிழக்கே நகர்ந்து கடலோடு போய்விட்டது. தெற்கு மாகாணத்துக்கான எச்சரிக்கை விலக்கப்படுகிறது.

கரண்டிச் சத்தம் நின்றது.

"போயிடுச்சா?" என்றார் பியோ.

"போயிடுச்சாம்."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். பியோ சோஜு மதுக் கிண்ணத்தை ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு, "சங்கில் அண்ணன் இருந்தா, புயல் போனதே நல்லதுன்னுதான் சொல்லுவாரு" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். யோன்சுக் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் காலை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தோட்டத்துக்கு மேலே, சரிவில் குழி வெட்டியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மரங்கள் எல்லாம் தெரிந்தன, ஒரு காயும் இல்லாமல், பச்சையாக.

தேகோன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். இரண்டு நாளாக நின்றதில் கால் வீங்கியிருந்தது.

"நீ சொன்னதுதான்க்கா சரி" என்றான். "மூணு நாள் விட்டிருக்கலாம்."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஆறுதலுக்காகத்தான் சொன்னான் என்று தெரிந்தது.

"மண்ணு போடும்மா" என்றாள் அத்தை. மண்வெட்டியை வாங்காமல் யோன்சுக் குனிந்து கையாலேயே அள்ளினாள். மூன்று வாரமாக மழையில்லாத மண். பிடித்தால் நிற்காமல் விரலிடுக்கில் வழிந்தது. தூவினாள். பெட்டியின் மேல் சத்தமே இல்லாமல் விழுந்தது. மெல்லிய புழுதி எழும்பி, காற்றில்லாததால் எங்கும் போகாமல், நின்றவர்களின் கறுப்புச் செருப்புகளின் மேல் மெதுவாகப் படிந்தது.