பத்து நாள் தலையணை

திரும்பி வந்த தலையணையில் தலை வைத்துப் படுத்தால் அடுத்தவர் கனவு வருகிறது என்று தலையணைக்காரி சொன்னபோது, அவள் புருஷன் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

"கனவுக்கும் சேர்த்து வண்டிக்கூலி பிடிச்சிருப்பானுங்க. பார்த்துக்கோ," என்றான்.

சிரிக்காமல்தான் சொன்னான். இருபது வருஷம் மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போன ஆள், சிரித்தால் வலிக்கும். இப்போது சமையலும் பொட்டலம் கட்டுவதும் அவன் பாடு. பஞ்சு அடிப்பது, உறை தைப்பது, அடைப்பது எல்லாம் அவள் பாடு. போனில் கடை நடத்துவது அவன் தங்கை. கடை என்றால் கதவும் கல்லாவும் உள்ள கடை இல்லை. பெரிய கம்பெனி ஒன்று போனுக்குள் நடத்தும் சந்தை. அதில் தலையணை விற்கும் ஆயிரம் பேரில் இவர்களுக்கும் ஒரு மூலை: ஒரு படம், ஒரு விலை, கீழே நாலு வரி. அந்த நாலு வரிக்கும் கீழே கம்பெனிக்காரன் பச்சை எழுத்தில் போட்டிருப்பான்: பத்து நாளில் இலவசமாகத் திருப்பி அனுப்பலாம்.

இலவசம் வாங்குகிறவருக்கு. போன கூலியும் வந்த கூலியும் விற்கிறவர் தலையில். ஒருவர் பத்து நாள் தலை வைத்ததை இன்னொருவருக்குப் புதுசு என்று அனுப்ப அவளுக்குக் கை வராது. அதனால் திரும்பி வந்தவை முன்னறையில் ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருந்தன. வீட்டுக்குள் நடக்க ஒரு ஆள் அகலம்தான் மிச்சம். எதில் மோதினாலும் வலிக்காது. கண்ட லாபம் அது ஒன்றுதான்.

மாதம் பிறந்ததும் கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. நாத்தனார் வாய்விட்டுப் படித்தாள்.

"இந்த மாதம் இன்னும் இரண்டு பொருட்கள் திரும்பினால் தங்கள் கடை நீக்கப்படும்."

"நீக்கப்படும்னா?"

"இருக்காதுன்னு அர்த்தம் அண்ணி. தேடினாலும் கிடைக்க மாட்டோம். செத்தவங்க மாதிரி."

கடை போனால் என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியும். அடுத்த ஒன்றாம் தேதி அவள் மறுபடி பஞ்சாலைக்குப் போவாள். எட்டு வருஷம் நின்ற அதே அறை. பஞ்சுப் பொதியை உடைத்து இயந்திரத்துக்குத் தீனி போடும் இடம். எதிரில் நிற்பவள் முகம் தெரியாத அளவுக்குத் தூசி பறக்கும். அங்கே பிடித்த இருமல், வேலையை விட்டு இரண்டு வருஷம் கழித்துத்தான் இறங்கியது. வழியில் பார்க்கும்போதெல்லாம் மேஸ்திரி, "உன் இடம் காலியாத்தான்மா இருக்கு," என்பார், பரிவாக. அந்தப் பரிவைக் கேட்டாலே அவளுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

நேரில் வாங்குகிறவன் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் பொருளைத் திருப்பித் தருவான். அந்த நாலில் ஒன்றாவது உபயோகப்படும். போனில் அந்தக் கொடுப்பினை இல்லை. காரணம் என்ற இடத்தில் கம்பெனிக்காரனே சில பதில்களை எழுதி வைத்திருக்கிறான். விரலால் தொட்டால் போதும். பெரும்பாலானவர்கள் தொடுவது கடைசிப் பதிலை: மனம் மாறிவிட்டது.

"அவங்களுக்கு மனசு மாறுது, நமக்குக் கூலி ஏறுது," என்றாள் நாத்தனார்.

"மாறுற அளவுக்கு நாம என்ன பண்ணிட்டோம்? அதை ஒருத்தராவது சொல்லித் தொலைக்கறாங்களா?"

சொல்லாததைக் கேட்க அவளுக்கு ஒரே வழிதான் தோன்றியது. மதியச் சாப்பாடு முடிந்து, ஜன்னல் வெயில் தரையில் ஒரு பாய் அளவுக்கு விழும் நேரம், அடுக்கிலிருந்து ஒன்றை உருவினாள். உறையைக்கூட மாற்றாமல் தலை வைத்துப் படுத்தாள். யார் வீட்டுச் சோப்பு வாசனையோ மூக்கில் ஏறியது. அடுத்த மூச்சில் தூங்கிப்போனாள்.

கனவில் ஒரு வீடு. தரை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர், தெளிவாக, வெதுவெதுப்பாக. கூரை மிகவும் தாழ்வு. ஒரு பெண் குனிந்த தலை நிமிராமல் அந்தத் தண்ணீரில் அறை அறையாக நடக்கிறாள். போகிற இடமெல்லாம் தண்ணீருக்குள் அவள் முகமும் கூடவே வருகிறது. நிமிர்ந்து வேறு ஏதாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை, முடியவில்லை. விழித்தபோது தலையணைக்காரியின் கழுத்தும் அதே கோணத்தில் நின்றிருந்தது.

"உயரம்!" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

எடை போட்ட பஞ்சுக்கு மேல் ஒரு பிடி அதிகமாகத் திணிப்பது அவள் வழக்கம். சாக்கைச் சுருட்டித் தலைக்கு வைத்து வளர்ந்தவள். கொழுத்த தலையணைதான் அவளுக்குத் தெரிந்த மரியாதை. மெத்தையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மரியாதை கழுத்து வலியாக இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

"சுளுக்கைக் கண்டுபிடிக்கக் கனவு வேறயா? என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே," என்றான் புருஷன்.

"கேட்டாத்தான் சொல்லுவீங்களோ?"

"நீ ஆசை ஆசையாத் திணிச்சே. எந்த வாயால சொல்ல?"

அப்போதுதான் அவன் தலைமாட்டைக் கவனித்தாள். அங்கே இருந்தது தலையணை இல்லை; நாலாக மடித்த துண்டு.

கூடுதல் பிடியை அன்றோடு நிறுத்தினாள். ஆனால் ஏற்கெனவே போனவை போனவைதானே. அந்த வாரமே ஒன்று திரும்பியது. கொண்டு வந்தவர் மின்னல். பார்சல்காரர், வண்டியை நடக்கிற வேகத்துக்கு ஓட்டுவதால் தெருவே வைத்த பெயர்.

"அக்கா, அதே வீடு. மூணாவது வாட்டி. வாங்கறது, பத்தாம் நாள் திருப்பறது, மறுபடி வாங்கறது. இந்தத் தலையணையும் நானும் இப்ப சிநேகிதங்க."

"யாரு அது? ஆம்பளையா, பொம்பளையா?"

"கதவு பாதிதான் திறக்கும். கை மட்டும் வரும். கையைப் பார்த்து என்னத்தைச் சொல்ல?"

"ஓசித் தூக்கம்," என்று நாத்தனார் பல்லைக் கடித்தாள். "பத்து நாளைக்கு ஒரு புதுத் தலையணை. ராஜா வீட்டுல கூட இப்படி மாத்த மாட்டாங்க."

இன்னும் ஒன்று திரும்பினால் கதை முடிந்தது.

தலையணைக்காரி பொட்டலத்தைப் பிரித்தாள். இடது ஓரம் நன்றாகப் பள்ளம் விழுந்திருந்தது. வலது பாதி தைத்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஒரு முடி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. மதிய வெயில் தரைக்கு வந்ததும் அந்தப் பள்ளத்தில் தலை வைத்தாள்.

ஆளில்லாத பஸ். வெளியே இரண்டு பக்கமும் சாம்பல் நிற வயல்கள் ஓசையில்லாமல் பின்னால் போகின்றன. இருவர் உட்காரும் சீட்டின் விளிம்பில் யாரோ ஒருவர். பக்கத்து இடத்தில் கைக்குட்டை போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்கிறது, கதவு திறக்கிறது, காற்று மட்டும் ஏறுகிறது. ஏறியவருக்கு இடம் விடுவதுபோல அவர் இன்னும் கொஞ்சம் விளிம்புக்கு நகர்கிறார். பஸ் திரும்புகிறது. அவர் விழப் போகிறார்.

கண் திறந்தபோது அவள் தலை தரையில் இருந்தது. தலையணை ஒரு முழம் தள்ளி உருண்டு கிடந்தது.

அடுக்கில் தேடி, முன்பு அதே வீட்டிலிருந்து வந்த இரண்டையும் எடுத்தாள். இரண்டிலும் அதே ஓரம், அதே பள்ளம். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவற்றில் தூங்கினாள். இரண்டிலும் அதே பஸ்.

"ஓசியும் இல்லை, ஒண்ணும் இல்லை," என்றாள். "ஓரத்துல படுக்கற ஆள். மிச்சப் பாதி வேற யாருக்கோ. முழுசா அடைச்ச தலையணை ஓரத்துல அழுத்தினா உருண்டுடும். ஒவ்வொரு வாட்டியும் இது உருளாதுன்னு நம்பி வாங்குது அந்த ஆள்."

"அந்த யாருக்கோவும் சேர்த்து ரெண்டா வாங்க வேண்டியதுதானே," என்றான் புருஷன். சொல்லிவிட்டு, வலது பாதியில் கை படாமல் அந்தத் தலையணையை ஓரமாக எடுத்து வைத்தான்.

அன்று சாயந்திரம் அதே வீட்டிலிருந்து நாலாவது ஆர்டர் வந்தது.

"ரத்து பண்ணிடலாம் அண்ணி."

"பண்ணு."

நாத்தனார் போனைத் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டென்று விரலை எடுத்தாள். "நாம ரத்து பண்ணினா அதையும் திரும்பி வந்த கணக்குலதான் சேர்ப்பானாம்."

அனுப்பினாலும் ஆபத்து, அனுப்பாவிட்டாலும் ஆபத்து. தலையணைக்காரி எழுந்து போய் ஊசியில் நூல் கோத்தாள். அதே துணி, அதே அளவு. ஆனால் உள்ளே நடுவாக மேலிருந்து கீழ் வரை ஒரு தையல் ஓட்டி இரண்டு அறையாக்கினாள். இடது அறையில் பஞ்சைத் தளர்வாக, தாழ்வாக விட்டாள். வலது அறையை இறுக்கி அடைத்தாள், அணை கட்டியதுபோல. இடப்பக்கம் எவ்வளவு அழுத்தினாலும் இனி அது நகராது.

"படத்துல இருக்கற மாதிரி இல்லைன்னு ஒரு காரணம் இருக்கு. அதைத் தொட்டாங்கன்னா அபராதமும் உண்டு," என்றாள் நாத்தனார்.

"தொடட்டும். அதுவாவது நமக்குன்னு சொன்ன சொல்லா இருக்கும்."

புருஷன் பொட்டலம் கட்ட உட்கார்ந்தான். வழக்கமாக மூன்று சுற்று கட்டும் கயிற்றை அன்று ஐந்து சுற்று கட்டினான்.

அந்தப் பத்து நாளும் வீடு தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. ஜன்னலில் பஞ்சுத் தூசி மிதந்து நின்றது, விழவே இல்லை. தெருமுனையில் மின்னலின் வண்டிச் சத்தம் கேட்டால் மூவரும் செய்கிற வேலையை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கரண்டி காற்றில், ஊசி துணியில். சத்தம் வீட்டைத் தாண்டிப் போகும். பிறகு கரண்டி இறங்கும். அவள் மதியத்தில் படுப்பதை விட்டுவிட்டாள். ஆனாலும் தைத்துக்கொண்டிருக்கும்போதே சில நேரம் பஸ் வந்துவிடும். கைக்குட்டை கிடக்கும் இடத்தை இவள் பார்ப்பாள். விளிம்பில் இருந்தவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

பத்தாம் நாள் போனது. பதினோராம் நாளும் போனது. தலையணை திரும்பவில்லை.

"ஜெயிச்சுட்டீங்க அண்ணி!" நாத்தனார் அடுக்கில் தொப்பென்று விழுந்து புரண்டாள். அந்த வீட்டில் விழுந்து புரள இடத்துக்குக் குறைவில்லை.

இருபத்தேழாம் தேதி மின்னல் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வேற வீடு அக்கா. போன வாரம் குடுத்தது. வாசல்லயே கிடந்துச்சு, அப்படியே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை. புருஷன் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. காரணம்: மனம் மாறிவிட்டது.

அவன் அந்த முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்தான். "அவுத்துக் கூடப் பார்க்கலையே," என்றான்.

தலையணைக்காரி கயிற்றை அறுத்து, தலையணையை எடுத்து, மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையில் போட்டுப் படுத்தாள். துணி வாசனை. சொந்தப் பஞ்சு வாசனை. தூக்கம் வந்தது, கனவு வரவில்லை. யாரும் இல்லை அதற்குள். திருத்துவதற்கும் ஒன்றும் இல்லை. எழுந்தபோது நாத்தனார் போனைக் காட்டினாள். படம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம்.

அன்று யாரும் அழவில்லை. தலையணைக்காரி மட்டும் அடுக்கின் முன்னால் நின்று கீழிருந்து மேலாக எண்ணினாள். நாற்பத்தொன்று. மறுநாள் காலை எல்லாவற்றையும் பிரித்து, பஞ்சை மாடியில் பரப்பி, பிரம்பால் அடித்தாள். வெள்ளையாகக் கிளம்பியது பஞ்சோ வேறெதுவோ, கூரைகளுக்கு மேல் அசைந்து அசைந்து போனது. ஈரத்துணியால் மூக்கைக் கட்டியிருந்தாள். புது உறை போட்டாள். சிலதைத் தாழ்வாக, சிலதை உயரமாக, நாலைந்தை நடுத்தையல் வைத்து அடைத்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி சந்தை நாள். வாடகைத் தள்ளுவண்டியில் தலையணைகளை ஏற்றி, மேலே புருஷனின் மடக்குக் கட்டிலையும் வைத்தாள்.

"கட்டில் எதுக்கு?" என்றான் அவன்.

"படுத்துப் பார்க்க."

"சந்தையிலயா? நடு வெயில்லயா? யாரும்மா படுப்பா?"

கட்டிலை ஒரு மர நிழலில் விரித்தாள். "அடுத்தவங்க படுத்த பஞ்சுதான். அடிச்சுக் காயவச்சு உறை மாத்தியிருக்கு. படுத்துப் பார்த்து வாங்குங்க," என்று கூவினாள். முதலில் வந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"யார் யாரோ தலை வச்சதா?"

"ஆமாங்க. கனவெல்லாம் வெயில்ல காஞ்சு போச்சு."

சிரித்துவிட்டாள் அவள். சிரித்தவள் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் படுத்தாள். "இது என்ன, கல்லு மாதிரி இருக்கு? மனுஷி படுப்பாளா இதுல?"

தலையணைக்காரிக்குக் காது குளிர்ந்தது. "இன்னும் சொல்லுங்க. எந்த இடத்துல கல்லு?" என்று ஆசையாகக் குனிந்தாள்.

உச்சி வெயிலுக்குள் நாலு பேர் திட்டி, நாலு போனது.

"நாலுதான் போயிருக்கு," என்று புருஷன் காதோடு சொன்னான். "நாளை மறுநாள் ஒண்ணாம் தேதி."

"மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க. அந்த இடத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லி."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

அவள் பதில் சொல்வதற்குள் சிமெண்ட் படிந்த சட்டையோடு ஒரு ஆள் வந்து, ஒன்றும் கேட்காமல், தாழ்ந்த தலையணை ஒன்றைக் கட்டிலில் போட்டுச் சாய்ந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை ஒரு பக்கம் தொங்கியது. வாய் லேசாகத் திறந்தது. சந்தையின் இரைச்சல் முழுக்க அவருக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணி, இது சுத்த ஓசி. எழுப்பட்டுமா?"

"கையை வச்சே, பிச்சுடுவேன்."

பின்னால் இரண்டு பேர் தலையணையும் கையுமாக நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி, "எப்ப எழுந்திரிப்பாரு?" என்றாள், தானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"தெரியலையே," என்றாள் தலையணைக்காரி. கட்டில் காலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இமைக்குள் அவர் கண்கள் மெல்ல நகர்வதைப் பார்த்தாள். நகர்ந்தன, நின்றன, மறுபடி நகர்ந்தன. எங்கே போயிருக்கிறார் என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரியவில்லை. எழுந்ததும் அவரையே கேட்டுக்கொள்ளலாம்.